மேத்தாவா, போத்ராவா, பச்சாவத்தா?

கேள்வி: நாங்கள் நாலு தலைமுறையாகச் சேலத்தில் இருக்கும் ஓஸ்வால் ஜெயின் குடும்பம். கொள்ளுத்தாத்தா பீகானேர் பக்கத்திலிருந்து வந்து அடகுக்கடை வைத்தவர். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் தொடங்கி எங்கள் எல்லாருக்கும் பெயருக்குப் பின்னால் ‘ஜெயின்’ என்றுதான் இருக்கிறது. பழைய கடைப் பலகையில் ‘மேத்தா’ என்று இருந்ததாம். தாதியோ (அப்பாவின் அம்மா) நம் கோத்திரம் போத்ரா என்கிறார். இப்போது அண்ணனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் வீட்டார் பச்சாவத். இரு வீட்டுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் பெரியவர்கள், “போத்ராவும் பச்சாவத்தும் ஒன்று, கொடுக்கல் வாங்கல் கூடாது” என்கிறார்கள். பெயரே வேறாக இருக்கும்போது எப்படி ஒன்றாகும்? சட்டத்தில் தடை உண்டா? எங்கள் வம்சாவளியை எங்கே தேடுவது? குலதேவி யார் என்று பெண் வீட்டார் கேட்டதற்கும் எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சான்றிதழில் ஜெயின் என்பதைக் கோத்திரப் பெயராக மாற்றிக்கொள்வது நல்லதா?
– வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணப் பேச்சு காத்திருக்காது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மரபு பெரியவர்கள் பக்கம் இருக்கிறது. முடிவு உங்கள் குடும்பத்துடையது. ஆனால் ‘பெயர் வேறு, அதனால் குலமும் வேறு’ என்ற வாதத்தை மட்டும் அவர்கள் முன்னால் எடுத்து வைக்காதீர்கள். அதில் நீங்கள் தோற்றுப்போவீர்கள்.

உங்கள் வீட்டில் புழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஜெயின் என்பது மதம். ஓஸ்வால் என்பது சாதி. பழைய கல்வெட்டுகளில் இதை ‘ஞாதி’ என்று எழுதியிருப்பார்கள். போத்ரா என்பது கோத்திரம். பச்சாவத் என்பது அந்தக் கோத்திரத்திலிருந்து பிரிந்த ஒரு கிளை. மேத்தா என்பது இதில் எதுவுமே இல்லை, அது ஒரு பட்டம். ராஜபுத்திர அரசவைகளில் கணக்கு, வரி, நிர்வாகம் பார்த்த குடும்பங்களுக்கு வந்த பட்டம். ஓஸ்வால்களில் வைத் குடும்பத்தாரில் மேத்தா உண்டு, முணோத்தில் உண்டு, பச்சாவத்தில் உண்டு. ஓஸ்வால்களுக்கு வெளியிலும் உண்டு. குஜராத்தின் பக்திக் கவிஞர் நரசிம் மேத்தா நாகர் பிராமணர். ஆகவே கடைப் பலகையில் இருந்த மேத்தாவை வைத்துக்கொண்டு உங்கள் கோத்திரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் முன்னோர் யாரோ ஒருவர் அரசாங்க வேலை பார்த்தார் அல்லது அப்படிப் பார்த்த வீட்டோடு உறவில் இருந்தார் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

பண்டாரி, கோத்தாரி, சிங்வி போன்ற பெயர்களும் இப்படி வேலையிலிருந்தோ செயலிலிருந்தோ வந்தவைதான். பண்டாரம், களஞ்சியம் பார்த்தவர்கள் முதல் இரண்டும். யாத்திரைக்கு ஒரு சங்கத்தையே தம் செலவில் கூட்டிப் போனவருக்குச் சங்கபதி என்று பெயர். சிங்வி அதிலிருந்து வந்தது. வேறு வேறு கோத்திரங்களில் வேறு வேறு காலத்தில் ஒருவர் சங்கம் கூட்டிப் போயிருப்பார், அவர் வாரிசுகள் எல்லாரும் சிங்வி ஆகியிருப்பார்கள். அதனால் இரண்டு சிங்வி வீடுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். பெயர் வேறாகவும் குலம் ஒன்றாகவும் இருப்பது போலவே, பெயர் ஒன்றாகவும் குலம் வேறாகவும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போத்ராவுக்கும் பச்சாவத்துக்கும் வருவோம். கரதர கச்சம் என்னும் சமண சாதுக்களின் குரு பரம்பரை சொல்லும் மரபின்படி, தேவ்ரா சௌகான் என்ற ராஜபுத்திரக் குலத்தில் பிறந்த போகித்தர் என்பவர் அந்தக் கச்சத்து ஆசாரியர் ஒருவரால் சமணத்துக்கு வந்தார். அவர் வழிவந்தவர்கள் போத்ரா. பல தலைமுறை கழித்து அதே குலத்தில் பச்சராஜ் என்று ஒருவர். ஜோத்பூர் அரசகுமாரர் ராவ் பீகா 1465இல் தனக்கென்று ஒரு நாடு தேடிக் கிளம்பியபோது உடன் சென்றவர்களில் இவரும் ஒருவர். 1488இல் பீகானேர் நகரம் உருவானது. பச்சராஜ் அங்கே அமைச்சர் பொறுப்பில் இருந்தார். அவருடைய சந்ததிதான் பச்சாவத். ஆக ஒவ்வொரு பச்சாவத்தும் மூலத்தில் போத்ரா. ஆனால் எல்லா போத்ராவும் பச்சாவத் இல்லை. உங்கள் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தக் குடும்பத்தின் பின்கதையையும் கேளுங்கள், உங்கள் மேத்தாவுக்கு அது தேவைப்படும். பச்சராஜின் வழியில் வந்த கரம்சந்த் பச்சாவத், பீகானேர் மன்னர் ராய்சிங்கிடம் அமைச்சராக இருந்தார். மன்னரோடு மனத்தாங்கல் வந்து அக்பரிடம் போய்ச் சேர்ந்தார். கரதர கச்சத்து ஆசாரியர் ஜினசந்திரசூரி 1592இல் லாகூருக்கு வந்து அக்பரைச் சந்தித்ததற்கு இவர்தான் காரணம். கரம்சந்த் மரணப் படுக்கையில் கிடந்தபோது ராய்சிங் பார்க்க வந்து கண்ணீர் விட்டார் என்றும், அவர் போன பிறகு கரம்சந்த் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “அது என்னைப் பழிவாங்க முடியாமல் போனதே என்ற கண்ணீர், பீகானேர் பக்கமே போகாதீர்கள்” என்று சொன்னார் என்றும் ராஜஸ்தானில் இன்றும் சொல்வார்கள். பிள்ளைகள் கேட்கவில்லை. 1613இல் பட்டத்துக்கு வந்த சூர்சிங் நயமாகப் பேசி அவர்களைப் பீகானேருக்கு வரவழைத்தார். பிறகு குடும்பத்தையே அழித்தார். தப்பிய ஒரு கிளை மேவாருக்குப் போனது என்பது மரபு. உதய்ப்பூரில் பிரதான், அதாவது முதன்மை அமைச்சர் பதவி வகித்த மேத்தா அகர்சந்த், அவருக்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டில் அதே பதவிக்கு வந்த மேத்தா பன்னாலால் இருவரும் இந்தக் கிளை. ஊரார் அவர்களை மேத்தா என்றார்கள். கோத்திரம் கேட்டால் பச்சாவத் என்பார்கள். மூலம் கேட்டால் போத்ரா.

உங்கள் வீட்டு மேத்தாவும் போத்ராவும் ஏன் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கலாம் என்று இப்போது புரிகிறதல்லவா? அதோடு ஒரு சிக்கலும் தெரியும். நீங்கள் வெறும் போத்ராவாக இருந்தால் பெண் வீட்டாரோடு உள்ள உறவு ஐந்து நூற்றாண்டுக்கு முன் பிரிந்தது. நீங்களும் பச்சாவத் மேத்தாவாக இருந்து, தாதி மூலக் கோத்திரத்தை மட்டும் சொல்கிறார் என்றால், இரண்டு வீடும் ஒரே கிளை. அண்ணன் கல்யாணத்துக்கு நீங்கள் தேட வேண்டிய பதில் இதுதான்.

கிளைகள் எத்தனை பிரிந்தாலும் மூலம் ஒன்றென்றால் அவர்கள் ‘பாய்ப்பா’, அதாவது நம் ஊர்ப் பேச்சில் பங்காளிகள். கொங்கு நாட்டில் ஒரே கூட்டத்தார் எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் அண்ணன் தம்பி முறை என்று பெண் எடுக்க மாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்குத்தான். சோர்டியா, கோலேச்சா, பாரக், சாவன்சுகா என்று நாலு வீட்டுப் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவர்களும் தங்களுக்குள் பாய்ப்பா. வேடிக்கை என்னவென்றால், இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் சாதுக்களின் மரபுகளே ஒத்துப்போவதில்லை. சந்தேரியைச் சேர்ந்த ராத்தோர் ஒருவரின் வம்சம் என்று கரதர கச்சம் சொல்லும். ராஜஸ்தானின் ஓசியான் என்ற ஊரில் ஏற்பட்ட ஆதிக் கோத்திரங்களில் ஒன்றான ஆதித்யநாகத்தின் கிளை என்று உபகேச கச்சம் சொல்லும். மூலக்கதையில் சண்டை, சகோதரர்கள் என்பதில் மட்டும் ஒற்றுமை. கல்யாணத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான் என்பதால் குடும்பங்கள் முதலாவதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை.

கொங்கு உதாரணம் இதற்கு மேல் உதவாது. அங்கே தாய்மாமன் மகள் முறைப்பெண். ஓஸ்வால்களில் தாயின் கோத்திரமே தள்ள வேண்டிய கோத்திரம். பழைய வழக்கப்படி நாலு கோத்திரங்களைத் தவிர்ப்பார்கள்: தன்னுடையது, தாயுடையது, தாதி பிறந்த வீட்டுடையது, நானி (அம்மாவின் அம்மா) பிறந்த வீட்டுடையது. வரன் குறிப்பில் சொந்தக் கோத்திரத்தோடு மாமா வீட்டையும் எழுதுவது இதற்காகத்தான். இப்போது பல குடும்பங்கள் நாலை இரண்டாகக் குறைத்துவிட்டன. சொந்தமும் தாயும் மட்டும் பார்க்கிறார்கள். நகரங்களில் சொந்தக் கோத்திரம் ஒன்றை மட்டும் தள்ளும் வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டில் எல்லாரும் போத்ரா–பச்சாவத் விவகாரத்திலேயே நிற்கிறீர்கள். அந்தப் பெண்ணின் நானி எந்த வீட்டுப் பெண், உங்கள் தாதி எந்த வீட்டுப் பெண் என்று யாராவது கேட்டார்களா? ஐந்நூறு வருஷத்துப் பங்காளியைக் கண்டுபிடித்துவிட்டு, இரண்டு தலைமுறைக்கு முன் ஒரே வீட்டிலிருந்து போன அக்கா தங்கைகளைக் கோட்டைவிடுவது நடக்கக்கூடியதுதான். உடல்நலம் பற்றிய கவலை இருந்தால் பார்க்க வேண்டிய இடமும் அந்தக் கிட்டத்து உறவுதான்.

சட்டம் சுருக்கமானது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். அதில் கோத்திரம் ஒரு தடையே இல்லை. தடை இருப்பது நெருங்கிய உறவுகளுக்கும், சபிண்டர் என்று சொல்லப்படும் உறவுகளுக்கும். அப்பா வழியில் மேலே ஐந்து தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை எண்ண வேண்டும். மணமகனையும் மணமகளையும் முதல் தலைமுறையாகச் சேர்த்து எண்ண வேண்டும். அந்த எல்லைக்குள் இருவருக்கும் பொது முன்னோர் இருந்தால் திருமணம் செல்லாது. நீண்டகால வழக்கம் அனுமதித்தால் மட்டும் விலக்கு. அந்த விலக்கை நம்பித்தான் தமிழ்நாட்டில் மாமன் மகள் கல்யாணம் நடக்கிறது. ஓஸ்வால்களுக்கு அப்படிப்பட்ட வழக்கம் இல்லை, ஆகவே உங்களுக்கு விலக்கும் இல்லை. அப்பா வழியில் அண்ணன், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவருடைய அப்பா என்று ஐந்து பெயர்களையும், பெண் வீட்டில் அதேபோல ஐந்து பெயர்களையும் எழுதிப் பாருங்கள். பிறகு இரு பக்கத்து அம்மா வழியிலும் மூன்று மூன்று. எங்கும் ஒரே ஆள் வரவில்லையென்றால் சட்டத்துக்கு உங்களிடம் வேறு கேள்வி இல்லை.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் பச்சாவத் கிளை இல்லை என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தத்தை நான் தடுக்க மாட்டேன். ஒரே கிளை என்று தெரிந்தால் இரண்டு வீட்டு வம்சாவளியையும் பக்கத்தில் வைத்து ஏழெட்டுத் தலைமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்வேன். பெரியவர்களும் அதை மறுக்க மாட்டார்கள். ‘இதெல்லாம் யார் பார்க்கிறார்கள்’ என்று சொல்வதைவிட, ‘பார்த்துவிட்டோம், இதோ’ என்று தாளை நீட்டுவது ஓஸ்வால் வீடுகளில் நன்றாகவே வேலை செய்யும். கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் அல்லவா.

நான் இதுவரை சொன்னது ஓஸ்வால்களுக்கு மட்டும். இதைப் படிக்கும் மற்ற சமணர்கள் தங்கள் வீட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். கண்டேலாவை மூலமாகச் சொல்லும் திகம்பர கண்டேல்வால்களுக்கு 84 கோத்திரங்கள். பாட்னி, காஸ்லிவால், அஜ்மேரா, பகாடியா என்று பல பெயர்கள் ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை. புந்தேல்கண்ட் பர்வார்கள் 12 கோத்திரம், ஒவ்வொன்றிலும் 12 ‘மூர்’ என்று 144 பிரிவு வைத்திருப்பவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் வரன் பார்த்த கணக்கு ஓஸ்வால் கணக்கைவிடக் கடினம். அகர்வால் ஜெயின்களுக்கு கர்க், கோயல், பன்சல் என்று வைணவ அகர்வால்களுக்கு உள்ள அதே கோத்திரங்கள், இரு தரப்பும் பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. துளு நாட்டுக்குப் போனால் வம்சமே அம்மா வழியில் எண்ணப்படும். மூடபித்ரி சௌட்டர் என்ற சமண அரச குடும்பத்தில் மருமக்கள் வழி வாரிசுமுறைதான்; உள்ளாலின் ராணி அப்பக்கா அந்தக் குடும்பம். தென்னிந்திய திகம்பரர்கள் பலரிடம் மாமன் மகளை மணப்பது தவறே இல்லை. வர்த்தமான மகாவீரரின் கோத்திரம் காசியபம் என்று கல்பசூத்திரம் சொல்கிறது, அவருடைய தாய் திரிசலை தேவி வசிஷ்ட கோத்திரம் என்கிறது. ஆனால் ரிஷிகளின் பெயரால் வந்த அந்தக் கோத்திரங்களுக்கும் ஓஸ்வால் கோத்திரங்களுக்கும் ஒட்டு உறவு கிடையாது. சேலத்தில் அர்ச்சனைத் தட்டை வாங்கும் அர்ச்சகரிடம் ‘போத்ரா கோத்திரம்’ என்று சொன்னால் அவர் ஒரு நொடி விழிப்பது இதனால்தான்.

அடுத்தது குலதேவி. ஓஸ்வால்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் தெய்வம் ஜோத்பூருக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் ஓசியானில் இருக்கும் சச்சியா மாதா. மகாவீரர் நிர்வாணம் அடைந்து 70 ஆண்டுக்குப் பிறகு ரத்னபிரபசூரி என்ற ஆசாரியர் அந்த ஊருக்கு வந்தார், பாம்பு கடித்து இறந்துபோனதாக நினைத்த ஒரு பிள்ளையை எழுப்பினார், ஊரே சமணம் ஆனது, 18 கோத்திரங்கள் பிறந்தன, பலி கேட்ட சாமுண்டி பலியை விட்டுச் சச்சியா மாதா ஆனாள் என்பது கதை. கணக்குப் போட்டால் கி.மு. 457 வரும். கல்வெட்டு பார்ப்பவர்கள் இந்தத் தேதியை ஏற்பதில்லை. ஓசியானில் இன்று நிற்கும் மகாவீரர் கோவிலின் தொடக்கம் 8ஆம் நூற்றாண்டு, பிரதிகார மன்னர் வத்சராஜனின் காலம். அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே 956இல் வெட்டப்பட்டது. ஓஸ்வால் என்ற சாதியும் அதன் கோத்திரங்களும் ஒரே நாளில் பிறக்கவில்லை, பல நூற்றாண்டுகளாகப் பல ஊர்களில் பல குலங்கள் வந்து சேர்ந்து உருவானவை என்பதே எனக்கும் சரியாகப் படுகிறது. உங்கள் போத்ரா கதையே அதற்குச் சான்று. அதில் ஓசியான் வரவே இல்லை, பாருங்கள். ஜினதத்தசூரி போன்ற கரதர ஆசாரியர்கள் 12ஆம் நூற்றாண்டிலும் புதிய குலங்களைச் சேர்த்தார்கள் என்று அந்த மரபே சொல்கிறது. 1154இல் அஜ்மீரில் மறைந்த அவரைத் தாதா குரு என்று வணங்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம்.

இதனால் சில கோத்திரங்களுக்குச் சச்சியா மாதா அல்லாத வேறு குலதேவி உண்டு. நாடோல் சௌகான் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் பண்டாரிகளுக்கு நாடோலின் ஆஷாபுரா மாதா. உங்கள் வீட்டில் யாருக்கு, எந்த ஊரில் முதல் முடி இறக்கினார்கள் என்று தாதியிடம் கேளுங்கள். குழந்தைக்கு ‘ஜடூலா’ இறக்கப் போன கோவில்தான் நடைமுறையில் உங்கள் குலதேவி கோவில். பெண் வீட்டார் உங்கள் கச்சம் எது என்றும் கேட்கக்கூடும். அதைக் கோத்திரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கச்சம் என்பது சாதுக்களின் குரு பரம்பரை. தாத்தா தபா கச்சத்துக் கோவிலுக்குப் போயிருப்பார், பேரன் ஸ்தானகவாசியாகவோ, 1760இல் ஆசாரியர் பிக்ஷு தொடங்கிய தேராபந்தியாகவோ இருப்பான். சம்பிரதாயம் மாறும், கோத்திரம் மாறாது.

கோத்திரமும் மாறும் ஓர் இடம் உண்டு: தத்து. ‘கோத்’ போன பிள்ளை வளர்ப்பு வீட்டுக் கோத்திரத்தை எடுத்துக்கொள்வான். மார்வாடி வணிகக் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். கணவன் அனுமதி இல்லாமலே பிள்ளையில்லாத விதவை தத்தெடுக்கலாம் என்ற சமண வழக்கத்தை, அகர்வால் ஜெயின் குடும்பம் ஒன்றின் வழக்கில் பிரிவி கவுன்சில் 1878இலேயே ஏற்றுக்கொண்டது. உங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்குப் போனவராக இருந்தால், பலகையில் ஒரு பெயரும் தாதி வாயில் ஒரு பெயரும் இருப்பதற்கு அதுவும் காரணமாகலாம். அப்படியானால் பிறந்த கோத்திரம், சேர்ந்த கோத்திரம் இரண்டையும் பார்க்க வேண்டும். தாதியிடம் இதை நேராகக் கேளுங்கள், பொதுவாக யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி தேடும் வழி. பழைய கணக்கேடுகளைப் படித்து வாரிசுப் பட்டியல் தயாரிப்பது என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள், அடமானப் பத்திரங்கள், கொள்ளுத்தாத்தா காலத்துக் கணக்கு ‘பஹி’கள். அடகுக்கடை என்பதால் 1943ஆம் ஆண்டு அடகுக்கடைக்காரர் சட்டத்தின் கீழ் உரிமம் எடுத்திருப்பார்கள். அந்தப் பழைய தாள்கள் பெட்டியில் கிடந்தால், கொள்ளுத்தாத்தா தன்னை என்ன பெயரில் எழுதிக்கொண்டார் என்பது அதில் இருக்கும். நிலப் பத்திரங்களில் தகப்பனார் பெயரும் இருக்கும். பஹிகள் மோடியா என்னும் மகாஜனி எழுத்தில் இருந்தால் இந்தி படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பயனில்லை. அந்த எழுத்தில் உயிர்க்குறிகளை விட்டுவிடுவார்கள். ‘காகாஜி அஜ்மீர் கயே’ என்று எழுதி அனுப்பிய கடிதத்தை ‘காகாஜி ஆஜ் மர் கயே’ (சித்தப்பா இன்று இறந்துவிட்டார்) என்று படித்துவிட்டு, அஜ்மீர் போன சித்தப்பாவுக்கு வீடே ஒப்பாரி வைத்தது என்று மார்வாடிகளே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை உண்டு. எழுத்து தெரிந்த முதியவர் ஒருவர் உங்கள் சங்கத்தில் இருப்பார், அவர் இருக்கும்போதே படித்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம் சொந்த ஊர். அங்கே உங்கள் குடும்பத்துக்கென்று குலகுருவோ, மதேன் எனப்படும், யதி மரபிலிருந்து இல்லறத்துக்கு வந்தவர்களோ, வம்சாவளி எழுதும் பாட் குடும்பமோ வம்சாவளிப் பஹி வைத்திருப்பார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை வந்து வாசித்து, புதிதாகப் பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, ‘நேக்’ என்னும் சன்மானம் வாங்கிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். சேலம் வரை யாரும் வந்ததில்லை என்றால், ஊரில் தங்கிவிட்ட பங்காளி வீட்டுக்குக் கட்டாயம் வந்திருப்பார்கள். போனில் கேட்டால் பஹியில் இல்லாததும் வரும். நேரில் போய் உங்கள் பக்கத்தைப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மூன்று தலைமுறை அதில் பிழையில்லாமல் இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் அதற்கு மேலே உள்ள நாலைந்து தலைமுறையையும் நம்பலாம். அதற்கும் மேலே, ராஜபுத்திர மன்னர்கள் வரிசையாக வரத் தொடங்கும்போது, ரசித்துக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். ராஜபுத்திர முன்னோர் இல்லாத ஓஸ்வால் கோத்திரத்தைப் பஹியில் காண்பது அரிது!

ஊர்க் கோவிலில் உள்ள உலோகப் படிமங்களின் பின்புறத்தையும் பீடத்தையும் பார்க்க மறக்காதீர்கள். 15, 16ஆம் நூற்றாண்டுப் படிமங்களில் சம்வத் ஆண்டு, மாதம், திதி, ஞாதி, கோத்திரம், செய்வித்தவர், அவர் தகப்பனார், மனைவி, பிள்ளைகள், யாருடைய நன்மைக்காகச் செய்தது, எந்த கச்சத்து ஆசாரியர் பிரதிஷ்டை செய்தார் என்று ஒரே மூச்சில் பொறித்திருப்பார்கள். ‘சா.’ என்றால் சாஹ், ‘பா.’ என்றால் பார்யை, அதாவது மனைவி, ‘பு.’ என்றால் புத்திரன். சம்வத்திலிருந்து 57ஐக் கழித்தால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். வம்சாவளிப் பஹிகளில் பெண்கள் பெயர் பெரும்பாலும் காணாமல் போகும்; இந்தப் படிமங்களில் மனைவி பெயர் வழக்கமாக இருக்கும், தாய் பெயரும் பல இடங்களில் இருக்கும். பூரண்சந்த் நாஹர் 1918 முதல் மூன்று தொகுதிகளாகவும், பீகானேர்க் கோவில்களுக்கு அகர்சந்த் நாகட்டா தனியாகவும் இவற்றைப் படியெடுத்து வெளியிட்டார்கள். இருவரும் ஓஸ்வால்கள். பீகானேரில் நாகட்டா அமைத்த அபய ஜெயின் நூலகமும், ராஜஸ்தான் மாநில ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. உங்கள் முன்னோர் அரசாங்கத்தில் மேத்தாவாக வேலை பார்த்திருந்தால் பீகானேர் சமஸ்தானத்துப் பஹிகளில் பெயர் அகப்பட வாய்ப்பு உண்டு. ஆனால் கல்யாணத்துக்கு முன் அங்கே போய் உட்காராதீர்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. இப்போதைக்கு ஊர்ப் பங்காளி வீடும் வம்சாவளிப் பஹியும் போதும்.

சான்றிதழில் பெயர் மாற்றம் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் தாத்தாவோ அப்பாவோ ஜெயின் என்று எழுதியதில் தவறில்லை. மக்கள்தொகைக் கணக்கில் சமணர்கள் இந்துக்களோடு கலந்துவிடக் கூடாது என்று பெயரோடு ஜெயின் சேர்க்கும்படி சமூகப் பெரியவர்களே பல காலமாகச் சொல்லி வந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சமணர்கள் சுமார் 44.5 லட்சம்தான். 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணர்களைச் சிறுபான்மையினராக அறிவித்தது. அதற்கான சலுகை எதற்கும் உங்கள் மதம்தான் கணக்கு, கோத்திரம் யாருக்கும் வேண்டாம். இப்போது அரசிதழில் அறிவித்து போத்ரா என்று மாற்றினால், ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கி, பட்டம் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் வாரிசுச் சான்றிதழ் கேட்கும் நாளில் தலைவலி. நாளைக்கே நீங்கள் பச்சாவத் என்று பஹி சொன்னால் மறுபடியும் மாற்றப் போகிறீர்களா?

தாதிக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆண்களின் வரிசையை எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் அவருடைய பிறந்த வீட்டுக் கோத்திரம், அவர் அம்மா பிறந்த வீடு, நாத்தனார்கள் எந்தெந்த வீட்டுக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். பெண் வீட்டாரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு வாங்கி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பெயர் இரண்டிலும் வந்தால், அந்த இரண்டு தாள்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.